சைபீரியாவில் ஒரு மூடிய வயல்



1961ஆம் ஆண்டில் யூரி ககாரின் பூமியை ஒருமுறை சுற்றி மீள்வதற்கு 108 நிமிடங்களே சென்றன. செவ்வாய்க் கோளுக்குப் போய்த் திரும்புவதாயின் ஆண்டுக்கணக்காகும். அத்தனை காலத்துக்கும் வேண்டிய நீரையும் காற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தனுப்ப இயலாது. மனிதன் கழித்ததையே மீண்டும் அவனுக்கு உரியதாக்கித் தரவேண்டும்.

இதற்கு வழி தேடியவர்களுள் முதன்மையானவர்கள், சைபீரியாவிலுள்ள கிறாஸ்னோயார்ஸ்க் நகரின் உயிர்ப்பௌதிக ஆராய்ச்சியாளர்கள். தெர்ஸ்கோவ், கித்தெல்சோன் என்னும் அறிஞர்கள் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். 1965இல் அவர்கள் முதலில் நாடியது குளோரெல்லா என்னும் நுண்ணிய பச்சை அல்காவை. ஒளிபடும் 8 சதுர மீற்றர் பரப்பில் அது வளர்ந்தால் ஒரு மனிதனின் மூச்சுக்குப் போதிய ஒட்சிசனைத் தந்துவிடும். ஆனால், மூச்சுக்கு உதவிய அப்பாசி நாவுக்கு உதவவில்லை. உண்பதற்கு அது ஏற்றதாயில்லை. ஆகவே அவர்கள் மீண்டும் உழவனின் பயிர்களிடமே வந்து சேர்ந்தார்கள்.

1972இல் நிறைவுற்ற ‘பயோஸ்-3’ என்பது காற்றுப் புகாத ஓர் உருக்கு வீடு. நீளம் 14 மீற்றர், அகலம் 9 மீற்றர், உயரம் இரண்டரை மீற்றர். நான்கு அறைகளுள் ஒன்று மனிதர்க்கு. ஏனையவை பயிருக்கும் பாசிக்கும். சூரியனுக்குப் பதிலாகச் செனன் விளக்குகள் எரிந்தன. அவற்றின் வெப்பத்தை நீரோட்டம் தணித்தது. லிசோவ்ஸ்கி என்பவர் இதற்கெனவே உருவாக்கிய குட்டைக் கோதுமை அங்கே விளைந்தது. எண்ணெய்க்காக, நமது கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவான ஒரு கிழங்கும் பயிரிடப்பட்டது. 1972ஆம் ஆண்டு மார்கழி முதல் மறு ஆண்டு ஆனி வரை, மூவர் கொண்ட குழு ஏறக்குறைய 180 நாள் அங்கே வாழ்ந்தது. அறுத்ததும் மாவரைத்ததும் அப்பம் சுட்டதும் அவர்களே. பொறிகளை இயக்கும் பொறுப்பும் வெளியே நின்றவர்களிடம் விடப்படாமல் உள்ளே இருந்தவர்களிடமே இருந்தது. உண்மையான பயணத்தில் உதவிக்கு ஓடிவர எவருமிலர் அல்லவா?

இலைகள் ஆவியாக விட்ட நீர் குளிர்ந்து துளிகளாகத் திரண்டது. அதைத் தூய்மையாக்கிக் குடித்தார்கள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் கோதுமையின் வேருக்குச் சென்றன. இவ்வாறு காற்றின் வட்டம் ஏறத்தாழ முழுமையாக மூடிற்று. நீரின் வட்டமும் பெரும்பாலும் மூடிற்று. உணவின் வட்டம் அவ்வாறு மூடவில்லை. உலர்ந்த இறைச்சியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. மலத்தை உலர்த்தி அதன் நீரை மட்டும் மீட்டார்கள். எஞ்சிய சக்கை, பயிருக்கு வேண்டிய சத்துகளோடு ஒதுக்கி வைக்கப்பட்டது.

இன்றுங்கூடக் கடினமான பகுதி இதுவே. அனைத்துலக விண்வெளி நிலையத்தில், சிறுநீரும் வியர்வையும் உட்பட நீரில் நூற்றுக்கு 98 பங்கு மீட்கப்படுவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அங்கு 2015இல் வீரர்கள் தாம் வளர்த்த சலாதுக் கீரையை உண்டனர். ஆனால் அக்கீரைக்கு உரம் பூமியிலிருந்தே சென்றது.

தடை அருவருப்பு மாத்திரமன்று. உப்பும் ஒரு தடை. நாம் உண்ணும் கறியுப்பிலுள்ள சோடியம் சிறுநீரில் வெளியேறுகிறது. அதனைத் தொடர்ந்து வேருக்கு ஊட்டினால் சோடியம் சேர்ந்துகொண்டே போய்க் கோதுமையை வாட்டிவிடும். கிறாஸ்னோயார்ஸ்க் ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்தில் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். கழிவை ஐதரசன் பேரொட்சைட்டும் மின்புலமும் கொண்டு கனிம உப்புகளாகச் சிதைத்தார்கள். அவ்வாறு கிடைத்த உவர்க் கரைசலில், நமது கடலோர உவர்நிலங்களில் வளரும் உமரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூண்டை வளர்த்தார்கள். அது சோடியத்தை உறிஞ்சித் தன் தண்டிலே சேர்த்துக்கொள்கிறது. அத்தண்டை மனிதன் உண்ணலாம். கழித்த உப்பு அவ்வழியே மீண்டும் உணவுத் தட்டுக்கு வந்து சேர்கிறது.