ரயில்வே கேட்டை மூடுவது யார் பொறுப்பு?

கறம்பக்குடிக்கு ரயில் இல்லை. ஊருக்கு மேற்கே திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்லும் இருப்புப்பாதை ஒன்று. கிழக்கே திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாக அதே காரைக்குடியை வந்தடையும் பாதை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே இவ்வூர் இருப்பதால், ரயிலேற வேண்டுமானால் பட்டுக்கோட்டைக்கோ புதுக்கோட்டைக்கோ பேருந்தில் சென்றாக வேண்டும். இவ்விரு பாதைகளில் கிழக்கே உள்ளதில் 2019-ஆம் ஆண்டு ஒரு விந்தை நடந்தது. சட்ட வரலாறு தெரியாதவர்க்கு அது வெறும் வேடிக்கை. தெரிந்தவர்க்கோ ஏறக்குறைய 180 ஆண்டுக் கதையின் ஓர் அத்தியாயம்.

இது தஞ்சை மாவட்டப் போர்டு அமைத்த பாதை. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-லும், பட்டுக்கோட்டை வரை 1902-லும், அறந்தாங்கி வரை 1903-லும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. அறந்தாங்கியைக் காரைக்குடியோடு இணைத்தது 1952-இல்தான். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012-இல் பட்டுக்கோட்டை–காரைக்குடிப் பகுதியில் ரயில் நிறுத்தப்பட்டது. பணி முடிந்து, திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை முழுப் பாதையிலும் 2019 ஜூன் 1-ஆம் நாள் டெமு வண்டி ஓடத் தொடங்கிற்று. சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பேருந்தில் சென்றவர்கள் முன்னதாகவே வீடு சேர்ந்தனர்.

காரணம், கேட்டுகள். வழி நெடுகச் சாலைகள் பாதையைக் கடக்கின்றன. கேட்டுகள் இருந்தன, ஆனால் பலவற்றில் கேட் கீப்பர்கள் இல்லை. எனவே கேட் கீப்பர்களையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்! ஒவ்வொரு கேட்டுக்கும் முன்பாக வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவார். வண்டி மெல்லக் கடந்து மீண்டும் நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ‘நடமாடும் கேட் கீப்பர்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் முன்னாள் படைவீரர்கள் கேட் கீப்பர்களாக அமர்த்தப்பட்ட பிறகே பயண நேரம் குறைந்தது.

இவ்வளவு பாடுபடுவானேன், கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு ஊதிக்கொண்டே போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தப் பாதையிலேயே முன்பு மீட்டர் கேஜ் வண்டிகள் பல இடங்களில் அப்படித்தான் போயின. 2019-இல் அப்படிப் போக முடியாது என்ற நிலை எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. எஃகுத் தண்டவாளத்தின் மீது எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் ஆயிரம் டன்னுக்கு மேல் இழுக்கிறது. ஆனால் அதே குறைந்த பிடிப்பு, நிறுத்த வேண்டிய நேரத்தில் எதிரியாகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பயணிகள் வண்டி, பிரேக் போட்ட பிறகும் முக்கால் கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடித்தான் நிற்கும். தண்டவாளத்தில் பேருந்து நிற்பதை ஓட்டுநர் கண்ணால் காணும்போது, பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். திருப்பி ஒதுங்கவோ அவருக்கு வழியில்லை. ஆகவே விலக வேண்டியவர் சாலையில் செல்பவரே. இது இயற்பியல் விதித்த விதி. அவரை விலகச் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் சட்டம் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

வெண்ணெய் வண்டியும் ஊதலும்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகில் 1833-இல், வெண்ணெயும் முட்டையும் ஏற்றிச் சந்தைக்குச் சென்ற குதிரை வண்டியின் மீது ரயில் மோதியதாகவும், நீராவி ஊதல் அதன் பிறகே வந்ததாகவும் ஒரு கதை உண்டு. ஊதலைக் கண்டுபிடித்த பெருமைக்குப் பலர் உரிமை கோருவதால் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றம் இச்சிக்கலை எவ்வளவு விரைவில் கையில் எடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. பொதுச் சாலையை ரயில் கடக்கும் இடத்தில் கம்பெனியே கேட் அமைக்க வேண்டும், திறந்து மூட ஆள் வைக்க வேண்டும் என்று 1839-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. முதலில் கேட் மூடியிருந்தது தண்டவாளத்துக்குக் குறுக்கே! சாலைதான் மூத்தது, ரயில் வரும்போது மட்டும் அதற்கு வழி விட்டார்கள். 1842-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கி, கேட் சாலைக்குக் குறுக்கே மூடியிருக்க வேண்டும் என்றது. மூன்றே ஆண்டுகளில் ரயில் மூத்தவனாகிவிட்டது.

இந்தியாவில் ரயிலுக்கான முதற்சட்டம் 1854-இல் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து. 1879-இல் இரண்டாம் சட்டம், 1890-இல் மூன்றாம் சட்டம். இந்த மூன்றாவதுதான் நூறாண்டு ஆண்டது. அதன் 13-ஆம் பிரிவு, சாலை கடக்கும் இடங்களில் கேட்டோ சங்கிலியோ அமைக்குமாறும், அவற்றைத் திறந்து மூட ஆள் அமர்த்துமாறும் அரசு ரயில்வேக்குக் கட்டளையிடலாம் என்றது.

‘கட்டளையிடலாம்.’ இந்த ஒரு சொல்லில்தான் எத்தனையோ உயிர்கள் தொங்கின. கட்டளை வந்தால் கேட் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 124-ஆம் பிரிவு, ரயில் வருவது தெரிந்தும் கேட்டைத் திறப்பவருக்கும் பாதையைக் கடக்க முயல்பவருக்கும் 50 ரூபாய் வரை அபராதம் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. வண்டிக்காரனின் கடமை உறுதி. ரயில்வேயின் கடமை விருப்பம்!

அக்காலத்தில் இதை அநீதி என்று யாரும் கருதியிருக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு நான்கு வண்டிகள் ஓடும் பாதை, மாட்டுவண்டி போகும் மண்சாலை. மாடே சத்தம் கேட்டு நின்றுவிடும். சாலையில் மோட்டார் வந்ததும் இந்தக் கணக்கு பிசகியது. அதற்கும் சட்டம் ஒன்று செய்தது, சாலைப் பக்கமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஆளில்லாத லெவல் கிராசிங்கை அடையும் வாகனத்தை ஓட்டுநர் நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வாகனத்தை முன்னின்று அழைத்துச் செல்ல வேண்டும். அப்படி எவரும் இல்லையேல் ஓட்டுநரே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஓட்ட வேண்டும். இவ்வாறு செய்த ஓட்டுநரை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? அடுத்த ஆண்டு வந்த ரயில்வே சட்டம் (1989) கவனக்குறைவாகக் கடப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்றும், கேட்டை உடைப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றும் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. பழைய ‘கட்டளையிடலாம்’ மட்டும் 18-ஆம் பிரிவாக எண் மாறி அப்படியே நின்றது.

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி

1979 மே மாதம் கேரளத்தில், ஆளில்லாத லெவல் கிராசிங் ஒன்றில் வாடகைப் பேருந்து மீது விரைவு வண்டி மோதியது. பேருந்தில் இருந்தவர்களில் நாற்பது பேரளவில் மாண்டனர். ரயிலில் செல்லும் பயணி விபத்தில் இறந்தால், யார் தவறு என்று பாராமல் இழப்பீடு தரச் சட்டத்தில் வழி உண்டு. சாலையில் வந்தவருக்கு அவ்வழி இல்லை. எனவே குடும்பத்தினர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தை நாடினர். கேட் வைக்குமாறு எங்களுக்கு எவரும் கட்டளையிடவில்லை, ஆகவே எங்கள்மீது தவறில்லை என்பது ரயில்வேயின் வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1997-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் ‘கட்டளையிடலாம்’ என்று மட்டும் கூறினாலும், போக்குவரத்து மிகுந்த இடத்தைக் கேட்டும் ஆளும் இன்றி விட்டது கவனக்குறைவே என்றது நீதிமன்றம். ஆபத்தான வண்டியைப் பொதுச் சாலையின் குறுக்கே ஓட்டுபவருக்கு, எழுதிய சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாலையில் செல்வோரைக் காக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

தீர்ப்பு வந்ததும் கேட்டுகள் முளைத்துவிடவில்லை. ஆள் சம்பளம், மேம்பாலச் செலவு, மாநில அரசின் பங்கு என்று கோப்புகள் நகர்ந்தன. 2012-இல் அனில் ககோட்கர் குழு, ஆளுள்ளவை ஆளில்லாதவை என்ற வேறுபாடின்றி எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஐந்தாண்டில் நீக்கிவிடப் பரிந்துரைத்தது. 2014 ஜூலையில் இன்றைய தெலங்கானாவின் மாசாயிப்பேட்டையில் பள்ளிப் பேருந்து ஒன்று ரயிலில் சிக்கியது. 2018 ஏப்ரல் 26-இல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் பள்ளி வேன் மோதிப் பதின்மூன்று குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகே வேலை விரைந்தது. 2019 ஜனவரி 31-க்குள் அகலப்பாதைகளில் ஆளில்லாத லெவல் கிராசிங்குகள் ஒழிக்கப்பட்டன.

நான்கே மாதத்தில் திறக்கப்பட்டது நம் திருவாரூர்–காரைக்குடிப் பாதை. புதுப் பாதையைப் பயணிகளுக்குத் திறக்குமுன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதித்தறிய வேண்டும். அவர் ரயில்வே வாரியத்தின் கீழ் இல்லை. தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பதற்காக 1941-இலேயே அந்த ஆய்வுத்துறை வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளது. ஆளில்லாத கேட்டு கூடாது; ஆளோ போதவில்லை; பாதையைத் திறந்தாக வேண்டும். விளைவு, ரயிலேறி வந்த கேட் கீப்பர். அந்த ஆறு மணி நேரப் பயணத்தைக் கண்டு பலரும் சிரித்தனர். எனக்கென்னவோ, ‘கட்டளையிடலாம்’ என்ற சொல்லுக்கு நம் பகுதியில் ஒருவாறு முடிவு வந்த நாள் அதுவாகவே தோன்றுகிறது.

ஆளும் பூட்டும்

ஆள் இருந்தால் போதுமா? 2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே கேட்டும் இருந்தது, கேட் கீப்பரும் இருந்தார். ஆனால் அது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட்.

பிணைப்பு என்றால் என்ன? ‘இன்டர்லாக்கிங்’ எனப்படும் இம்முறையின் கருத்து பழையது. ராயபுரத்தில் ரயில் ஓடிய அதே 1856-இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி பெற்ற காப்புரிமை இதன் தொடக்கங்களில் ஒன்று. பிணைக்கப்பட்ட கேட்டை மூடிப் பூட்டினால்தான் ஒரு சாவி விடுபடும். அந்தச் சாவியை உரிய இடத்தில் செருகினால்தான் சிக்னல் பச்சையாகும். பச்சையானபின், வண்டி கடந்து செல்லும்வரை சாவி வெளியே வராது. எனவே கேட்டையும் திறக்க முடியாது. இன்று பல இடங்களில் சாவிக்குப் பதில் மின்சுற்று இதைச் செய்கிறது. கேட் கீப்பர் உறங்கிவிட்டால் கேட் திறந்திருக்கும், ஆனால் சிக்னல் சிவப்பாகவே இருக்கும்; ரயில் நிற்கும். மறதியின் விலை அங்கே தாமதம் மட்டுமே.

பிணைக்கப்படாத கேட்டில் நடப்பது வேறு. நிலைய அதிகாரி தொலைபேசியில் வண்டி வருவதைச் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டுத் தன்னிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அதை ஏட்டில் எழுதிக்கொண்ட பின்பே நிலைய அதிகாரி வண்டியை விடுவார். அந்த எண் எதை மெய்ப்பிக்கிறது? இன்னார் இன்ன நேரத்தில் பேசினார் என்பதை. கேட் மூடியிருக்கிறது என்பதை அது மெய்ப்பிப்பதில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு மனிதன் நிற்கிறான். இரவுப் பணியோ நீண்ட பணியோ முடிகிற விடியற்காலையிலும் அவன்தான் நிற்கிறான்.

கேட் குற்றங்களை விசாரிப்பதில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ரயில்வே பாதுகாப்புப் படைக்கு அதிகாரம் உண்டு. உயிர் போனால் மாநில அரசின் ரயில்வே போலீசும், விபத்தின் காரணத்தை ஆராயப் பாதுகாப்பு ஆணையரும் வருவர். எல்லாம் நடந்தபின் வருபவை. செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கவும், கேட் கீப்பர்களின் குரல் பதிவுகளை நாள்தோறும் சரிபார்க்கவும் ஆணையிட்டது. கேட்டுகளைப் பிணைப்பதற்கான வரம்பையும் 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்தது.

இந்த எண்கள் ‘ரயில்–வாகன அலகு’ என்னும் கணக்கில் வருபவை. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்க வேண்டும். பேருந்து, லாரி, கார் ஒவ்வொன்றும் ஓர் அலகு. மாட்டுவண்டியும் ஓர் அலகு. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை அலகு. நாளுக்கு இருபது ரயிலும் ஐந்நூறு வாகன அலகும் உள்ள கேட் சரியாகப் பத்தாயிரத்தைத் தொடும். நாளுக்குப் பன்னிரண்டு ரயிலும் முந்நூறு வாகன அலகும் உள்ள ஒரு கிராமத்துக் கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 3,600. வரம்பைப் பாதியாக்கிய பிறகும் இந்தக் கணக்கின்படி அது பிணைப்புக்குத் தகுதி பெறாது. பள்ளி வேன் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதைக் கடக்கும். உள்ளே எத்தனை குழந்தைகள் இருந்தாலும் கணக்கில் அது, இரண்டு முறைக்குமாக, இரண்டு அலகு.