கல்யாணம் எப்போ?

டில்லிக்கு வந்த புதிதில் எங்கள் மாடியில் ஒரு அக்கா குடியிருந்தார். நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் (பெயர் வேண்டாமே!). இன்டர்வியூவில் இரண்டே கேள்விதான் கேட்டார்களாம். "ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன? கல்யாணம் எப்போ?"

"முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நாலு வருஷம் படிச்சேன் தம்பி. ரெண்டாவதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

2024-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்றைப் படித்தபோதுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது. செலினா ஜான் வழக்கு. இதே டில்லியில், ராணுவ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, ராணுவ நர்சிங் சர்வீஸில் லெப்டினன்ட் ஆனவர். ஒரு ராணுவ அதிகாரியையே திருமணம் செய்துகொண்டார். 1988 ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து விடுவித்து உத்தரவு வந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ்கூடக் கிடையாது. காரணம்? கல்யாணம் ஆகிவிட்டதாம்!

இது யாரோ ஒரு மேலதிகாரி இஷ்டத்துக்குச் செய்ததல்ல. 1977-ஆம் ஆண்டின் 61-ஆம் எண் ராணுவ ஆணையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பணி முடிவுக்கு வரும் காரணங்கள் என்று ஒரு பட்டியல். மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னால் போகலாம். ஒழுங்கீனம் செய்தால் போகலாம். நடுவில் ஒரு வரி: திருமணம் செய்துகொண்டால். நோய்க்கும் குற்றத்துக்கும் நடுவில் கல்யாணம்! ஆண் அதிகாரிக்குக் கல்யாணம் ஆனால் ஃபேமிலி குவார்ட்டர்ஸ். நர்ஸுக்கு ஆனால் வீட்டுக்குப் போகும் சீட்டு.

இதன் வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. 1888 மார்ச்சில் பத்து பிரிட்டிஷ் நர்ஸுகள் பம்பாயில் வந்து இறங்கியதுதான் ராணுவ நர்சிங்கின் தொடக்கம். கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்பது அவர்கள் ஊரிலேயே வழக்கம். பிரிட்டனின் அரசு வேலைகளில் 1946-ல் இந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நாம் 1977-லும் ஆணையில் வைத்திருந்தோம்.

நம் கோர்ட்டுகள் இதைப் பார்க்காமலும் இல்லை. 1965-லேயே பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி, கல்யாணமான பெண்களை வேலையிலிருந்து எடுக்கும் விதி வைத்திருந்தபோது, அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 1979-ல் முத்தம்மா வழக்கு. வெளிநாட்டுத் தூதரகப் பணியில் இருக்கும் பெண்கள் கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை நீதிபதி கிருஷ்ணய்யர் வெளுத்து வாங்கினார். (முத்தம்மா குடகுக்காரர். காலேஜ் படித்தது நம் சென்னையில்.)

ஆனால் 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில் சறுக்கல். முதல் பிரசவத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்த அதே கோர்ட், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட்டது. கோர்ட்டே இப்படி ரெண்டு மனசாக இருந்தால், ராணுவ ஃபைலில் இருந்த ஒரு வரியை யார் கிளறுவார்கள்?

கடைசியில் 1995 ஆகஸ்டில் ஒரு கடிதம் மூலம் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் ஏற்கெனவே வேலை போனவருக்கு அதனால் என்ன லாபம்? செலினா விடவில்லை. 2016-ல் லக்னோவில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. மத்திய அரசு அப்பீல் போனது! 2024 பிப்ரவரி 14 அன்று (ஆமாம், காதலர் தினம்தான்) நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா தீர்ப்பளித்தார்கள். கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து எடுப்பது அப்பட்டமான பாகுபாடு, அந்த விதி ஆணாதிக்க விதி என்று சொல்லி, 60 லட்சம் ரூபாயை எட்டு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள்.

பணம் சரி. ஆனால் வேலை? தீர்ப்பாயம் மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லியிருந்தது. 35 வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு அது எப்படி நடக்கும்? அதனால்தான் மொத்தமாக ஒரு தொகை. அந்த வருஷங்களில் அவர் பார்த்திருக்க வேண்டிய வார்டுகளை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. கோர்ட்டுக்குப் போகாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ?

நம் ஊர்ப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு டில்லிக்கும் பம்பாய்க்கும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்ததும் நாம் பார்ப்பது சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்றுதான். தயவுசெய்து கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். எந்தெந்தக் காரணத்துக்கு வேலை போகும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். கல்யாணம், பிரசவம் என்று ஏதாவது இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

மாடி அக்காவிடம் அப்புறம் ஒரு நாள் கேட்டேன், அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்க என்று.

"இப்போதைக்கு இல்லைன்னு பொய் சொன்னேன் தம்பி. அப்பவே நிச்சயம் ஆயிருந்துச்சு."