கண்காணிக்கும் கண்

திட்டம் வகுத்து நடத்துவது அரசின் கடமை. அதன் பயன் உரியவரைச் சென்றடைந்ததா எனப் பார்ப்பது வேறொருவர் கடமையாக இருத்தல் வேண்டும். செய்பவரே சோதிப்பவராகவும் அமைந்தால், ஏட்டில் வெட்டிய கிணற்றிலும் நீர் சுரக்கும்!

இதனை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். பொதுப்பணம் விதித்தவாறே செலவாவதைக் கண்காணிக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையரே அரசியலமைப்பின் மிக முக்கிய அலுவலராவார் என்னும் கருத்தை, 1949 மே 30ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் வெளியிட்டார்.

நம் மக்களின் பாதுகாப்புகளைக் கண்காணிக்க 338ஆம் பிரிவு வகை செய்தது. அதன்படி 1950இல் தனி ஆணையர் நியமிக்கப்பெற்றார். அவர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அளித்தார். அவ்வறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்றது. ஆயினும், அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கும் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு இல்லை. 1978இல் பல உறுப்பினர் கொண்ட ஆணையம் தோன்றியது. அதற்கும் அரசியலமைப்புத் தகுதி இல்லை. 1990இல் நிறைவேறிய 65ஆம் திருத்தம் 1992இல் நடைமுறைக்கு வந்த பின்னரே, சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் ஆணையத்திற்குக் கிட்டியது. 2004இல் பழங்குடியினர்க்குத் தனி ஆணையம் பிரிந்தது.

இளைஞர்களே! ஆணையம் பரிந்துரைக்குமேயன்றி ஆணையிடாது. எனினும், மத்திய அரசு தனக்குரிய பரிந்துரையை ஏற்காவிடில், அதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் கூறியாக வேண்டும். அந்தக் கேள்வி அங்கே எழ வேண்டுமாயின், முதல் மனு நம் ஊரிலிருந்து செல்ல வேண்டும். உதவித்தொகை வரவில்லை எனத் திண்ணையில் வருந்துவதை விடுத்து, நாளிட்டு, சான்றுகளின் நகல் இணைத்து எழுதுங்கள். நாற்பதாண்டுக் காலம் படிப்படியாகப் பெற்ற அதிகாரம், கேட்பாரின்றி உறங்கலாகாது.