ஓர் ஆசிரியை எழுதிய மனு

அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். நிதி போதவில்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் முதல் வெட்டு எங்கே விழும் என்பது எங்களுக்குத் தெரியும். கேட்க நாதியில்லாதவர்களின் கணக்குத் தலைப்பில்தான் விழும். அதனால்தான் டோரத்தியா டிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதை எனக்குப் பிடிக்கும்.

1841 மார்ச் மாதம். பாஸ்டன் அருகே ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கப் போனார் டிக்ஸ். அப்போது அவருக்கு வயது 38. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகள் அங்கே கணப்பு இல்லாத அறையில் குளிரில் கிடந்தார்கள். பைத்தியங்களுக்குக் குளிர் தெரியாதாம்; அதுதான் சொல்லப்பட்ட காரணம்.

டிக்ஸ் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நோட்டுப் புத்தகமும் கையுமாக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிறைகளையும் ஏழைகள் விடுதிகளையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சுற்றினார். கூண்டு, நிலவறை, சங்கிலி என்று கண்டதையெல்லாம் ஊர்வாரியாகக் குறித்துக்கொண்டார். 1843 ஜனவரியில் அதை மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுவாக எழுதினார். பெண்களுக்கு அன்று வாக்குரிமையே கிடையாது. உறுப்பினரான சாமுவேல் ஹவ் என்பவர்தான் மனுவை அவையில் வைத்தார். 'எல்லாம் மிகை' என்று சில ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் வுஸ்டர் மனநல மருத்துவமனையை விரிவாக்கச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது.

அடுத்து நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்று மாநிலம் மாநிலமாகப் போனார். எல்லா இடத்திலும் அதே முறைதான்: முதலில் நேரில் பார்ப்பது, பிறகு எழுதுவது, பிறகு உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசுவது.

பெரிய தோல்வியும் வந்தது. மனநோயாளிகள் முதலானோரின் பராமரிப்புக்காக 1 கோடியே 20 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான அரசு நிலத்தை ஒதுக்கும் மசோதா 1854இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்திட மறுத்துவிட்டார். தர்மம் செய்வது மத்திய அரசின் வேலை அல்ல என்பது அவர் வாதம்.

கட்டிய மருத்துவமனைகளும் காலப்போக்கில் நெரிசலில் திணறின. 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.5 லட்சம் பேர் இருந்தார்கள். 1963இல் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நோயாளிகள் சொந்த ஊரில், மக்களோடு வாழ்ந்தபடியே சிகிச்சை பெற சமூக மனநல மையங்கள் அமைப்பது அதன் நோக்கம். நல்ல திட்டம்தான். மருத்துவமனைகள் காலியாயின, ஆனால் திட்டமிட்ட மையங்களில் பாதி அளவே எழுந்தன. கட்டடத்துக்குக் கிடைத்த பணம் ஆண்டுதோறும் சம்பளத்துக்கும் மருந்துக்கும் தொடர்ந்து வரவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் தெருவுக்கும், அங்கிருந்து சிறைக்கும் போனார்கள். டிக்ஸ் தொடங்கிய அதே இடம்!

இதை அந்நிய நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் மாண்டார்கள். உயிரிழந்தோர் 28 பேர்.

கட்டடம் திறந்தால் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். செவிலியரின் மாதச் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது? அந்தச் சம்பளம் வராவிட்டால் கட்டடத்தால் பயனில்லை. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அடுத்த முறை மனுக் கொடுக்கும்போது சாலையோடும் குடிநீரோடும் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நேரில் பார்த்ததை எழுதுங்கள். வாக்குரிமை இல்லாத ஒருத்தி எழுதியே ஒரு சட்டமன்றம் அசைந்திருக்கிறது. நம்மிடம் வாக்கும் இருக்கிறதே!