மூச்சுப் பயிற்சியும் உழைப்பாளர் நலமும்

மூச்சை ஒழுங்குபடுத்தும் கலை நம் நாட்டில் மிகப் பழையது. ஆயின் அது யாருக்காக வகுக்கப்பட்டது? சுவேதாசுவதர உபநிடதம் மூச்சடக்கத்தைச் சொல்லும்போதே அதற்குரிய இடத்தையும் சொல்லிவிடுகிறது. அவ்விடம் சமதளமாய், தூய்மையாய், பரற்கல்லும் நெருப்பும் இன்றி, காற்று மோதாத ஒதுக்கிடமாய் இருத்தல் வேண்டும். 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையோ, யோகத்தைக் கெடுப்பவற்றுள் மிகையுணவு, வீண்பேச்சு ஆகியவற்றோடு கடும் உடலுழைப்பையும் எண்ணுகிறது. ஏற்றம் மிதித்தவனும் மூட்டை சுமந்தவனும் அந்நூலாசிரியர் கண்முன் நிற்கவில்லை என்பது தெளிவு. அவர்களுடைய மூச்சைச் சீர்படுத்தியது வேலைப்பாட்டுத்தான். அதை எந்த ஏடும் யோகம் என்று எழுதவில்லை, அவ்வளவே!

1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், இக்கலையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். எக்ஸ்-கதிர்ப் படமும் அழுத்தமானியும் கொண்டு சோதித்தார். பிராணாயாமத்தால் பிராணவாயு மிகுதியாக உட்செல்கிறது என்னும் பொதுக்கருத்தை அவர் ஏற்கவில்லை. நிதானமாக மூச்சுவிட்டால் மனம் அமைதியுறும், இரத்த அழுத்தம் சிறிது தணியும். பள்ளியில் பல ஆண்டுகள் இப்பயிற்சியை நடத்தியவன் நான். அதன் பயனை மறுப்பவன் அல்லேன்.

ஆயினும் உழைப்பாளியின் நிலை வேறு. ஓய்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடுமையாக உழைப்பவருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். காற்றில் தூசி இருப்பின் அதுவும் பல மடங்காக உட்செல்லும். கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிற்று. பொன் இருந்ததோ குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் துகள் கண்ணுக்குப் புலப்படாது; நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பாகிவிடும். அதுவே சிலிக்கோசிஸ். காசநோய்க்கும் அது வழி திறந்துவிடும். வேலையை விட்ட பின்னரும் வளரக்கூடிய அந்நோயை எந்தக் கும்பகமும் எந்த ரேசகமும் அகற்றமாட்டா. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தழும்பு ஏறிய நுரையீரல்கள் அதன் பின்னும் மூச்சுக்குத் திணறின.

நோயைத் தடுக்கும் வழி எளிது: துளைக்கும் இடத்தில் நீர் பாய்ச்சித் தூசியை அடக்குதல், காற்றோட்டம் அமைத்தல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தூசியை அது எழும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சி அகற்றவேண்டும் என்று விதித்தது. உபநிடதம் யோகிக்குக் கேட்ட தூய இடத்தைத் தொழிலாளிக்கும் கேட்ட சட்டம் என்று அதனை நான் வகுப்பில் சொல்வதுண்டு. கல்லுடைக்கும் ஆலையொன்றில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கக் கண்டால் மகிழுங்கள். அப்படியே அங்குள்ள தண்ணீர்க் குழாயில் நீர் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.