வண்ணக்குண்டும் காற்றுக் குடுவையும்

விளையாட்டுகளின் வரலாற்றில் நாம் வீரர்களையும் விதிகளையும் பேசுகிறோம், கருவிகளை மறந்துவிடுகிறோம். பெயிண்ட்பாலின் வரலாறோ பெரும்பாலும் ஒரு குடுவையின் வரலாறு எனலாம்.

1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினர். அவர்கள் ஏந்திய நெல்ஸ்பாட் துப்பாக்கி மரங்களிலும் மாடுகளிலும் அடையாளமிடச் செய்யப்பட்டது. 12 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு குப்பியே அதன் உயிர். மீண்டும் நிரப்பத்தக்க பெரிய குடுவைகள் பின்னர் வந்தன.

கரியமில வாயு குடுவைக்குள் திரவமாகக் கிடப்பது. ஆவியாகும்போது அது குடுவையையே குளிர்விக்கிறது. தொடர்ந்து சுட்டால் அழுத்தம் குன்றுகிறது, குளிர்காலத்தில் இன்னும் மோசம். இக்குறையே அழுத்தமேற்றிய காற்றுக்கு வழி திறந்தது. காற்று அங்கே திரவமாவதில்லை. சீராக்கி அதை ஒரே அழுத்தத்தில் துப்பாக்கிக்கு அளிக்கிறது.

அலுமினியக் குடுவை சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் தாங்கும், விலை குறைவு. கரியிழை சுற்றிய குடுவை 4500 தாங்கும், எடையும் குறைவு. ஆனால் ஆடுகளத்தின் நிரப்பி 3000-க்கு மேல் தராதெனில் அக்கூடுதல் திறன் வீணே.

இவ்வரலாற்றில் துயரமும் உண்டு. வால்விலிருந்து கழன்று பறந்த கரியமில வாயுக் குடுவைகளால் இருவர் மாண்டதை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் அறிவித்து எச்சரித்தது. துப்பாக்கியிலிருந்து குடுவையைக் கழற்றுவதாக எண்ணி, வால்விலிருந்து குடுவையைக் கழற்றிவிடுவதே ஆபத்து. குடுவையோடு வால்வும் சேர்ந்து சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஆகவே குடுவை வாங்குகையில் விலைக்கு முன்பாக, அதில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதியையும் வால்வின் உறுதியையும் நாம் பார்ப்போமாக.