பத்தொன்பது மாதம் பூட்டிய பள்ளிகள்: பெரம்பலூரும் அரியலூரும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகள் கொரோனா காரணமாக 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அவை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடையில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 ஜனவரி 19 முதல் சில மாதம் பள்ளிக்குப் போய்வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் மீண்டும் போனார்கள். பொதுத்தேர்வு வகுப்புகளுக்கே முதலிடம் தரப்பட்டதால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் இருந்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

இதன் கணக்கு எளியது. 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஒன்பது மாதம் படித்தது. அடுத்து வகுப்பறையில் உட்கார்ந்தபோது அது மூன்றாம் வகுப்பு. 2020இல் சேர்ந்த குழந்தைக்கு அதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17இல் சேர்க்கை தொடங்கியது. பெயர் பதிவாகி, புத்தகமும் கைக்கு வந்தது. ஆனால் அரசுப் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்பை முடித்து, இரண்டாம் வகுப்பு மாணவராகத்தான் அக்குழந்தை முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தது.

இந்த வட்டாரத்துக்குக் கல்வியும் கட்டிடமும் ஒன்றாக இருந்ததில்லை. தமிழறிஞர் உ.வே. சாமிநாதையரின் இளமைப் படிப்பில் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். ஆசிரியர் இருக்கும் ஊருக்குக் குடும்பமே பெயர்ந்தது; சாமிநாதையருடைய தந்தையின் இசைக்கும் கதைப் பிரசங்கத்துக்கும் ஈடாக ஊரார் நெல்லும் பணமும் தந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கினார்கள். ஊர் தாங்கிய கல்விதான். ஆனால் எல்லாச் சாதிக்கும் பெண்களுக்கும் வாசல் திறந்து வைத்த கல்வி அல்ல. அந்த வாசலைத் திறந்தவை பின்னாளில் வந்த கட்டணமில்லாத் தொடக்கப் பள்ளிகள். அவற்றோடு வந்தது மதியச் சோறு. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவைச் சத்துணவாக விரித்த எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை 1 அன்று அதைத் தொடங்கிவைத்த இடம் திருச்சி அருகே உள்ள பாப்பாக்குறிச்சி. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்திலேயே இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது.

2011 கணக்கெடுப்பில் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து 13 லட்சம் பேர், பெரும்பாலும் கிராமங்கள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரியும். மழையை நம்பிய நிலம் என்பதால் வேலை தேடி வெளியூர் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கினார்கள். 2020 மே முதல் வாரத்தில் அந்தச் சந்தையில் தொற்று பரவி அது மூடப்பட்டதும் ஊர் திரும்பியவர்கள் வழியாக நோய் வந்தது. மே 6 அன்று ஒரே நாளில் அரியலூர் மாவட்டத்தில் 188 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று சென்னைக்கு அடுத்த எண்ணிக்கை அதுதான். திரும்பி வந்தவர்களைத் தனிமைப்படுத்த இடம் தேடியபோது பள்ளி, கல்லூரிக் கட்டிடங்களே கைக்கு எட்டின.

அந்தக் கட்டிடங்கள் பிறகும் சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலில் அவை வாக்குச்சாவடிகள் ஆயின. செப்டம்பர் முதல் தடுப்பூசி முகாம்களும் நடந்தன. ஊரே பள்ளிக்குள் போய்வந்தது, பிள்ளைகளைத் தவிர.

மூடிய காலத்தில் பாடம் சொல்ல அரசு நம்பியது கல்வித் தொலைக்காட்சியை. 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்த இந்த அலைவரிசையில் 2020 நடுவிலிருந்து வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கிப் பாடங்கள் வந்தன. செல்போன் இல்லாத வீட்டிலும் பெட்டி இருந்தது. 2006க்குப் பிறகு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அதற்கு ஒரு காரணம். பன்னிரண்டாம் வகுப்பினருக்கு அவர்களுடைய இலவச மடிக்கணினியிலேயே காணொளிகளை ஏற்றித் தந்தார்கள். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குத் திரை எவ்வளவு உதவும்? 'ழ'வைத் தப்பாக எழுதினால் திருத்த அங்கே ஆள் இல்லை. ஒளிபரப்பு நேரத்தில் தாய் பருத்திக் காட்டில் இருப்பார், அல்லது மின்சாரம் இருக்காது. வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் அதைவிடக் கடினம்: வீட்டுக்கு ஒரு ஆன்ட்ராய்டு போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவில் திரும்பும்போது சார்ஜ் இருக்காது, இருந்தால் டேட்டா இருக்காது, இரண்டும் இருந்தால் பத்தாவது படிக்கும் அக்காவுக்கு முதலுரிமை.

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே அறுந்துபோகாமல் இருந்த இழை சோறும் புத்தகமும்தான். மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வழங்கப்பட்டன. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு முட்டையும் சேர்ந்தது. பொருளை வாங்கப் பெற்றோர் வரும்போதுதான் ஆசிரியருக்கு யார் ஊரில் இருக்கிறார்கள், எந்தக் குடும்பம் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விட்டது என்ற விவரம் தெரிந்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பல இரண்டே ஆசிரியர்கள் உள்ளவை. அவர்களில் பலர் வேற்றூரிலிருந்து பேருந்தில் வருபவர்கள். பேருந்தே ஓடாத மாதங்களில் ஆசிரியரும் பிள்ளைகளும் சந்திக்க வழியில்லை. அந்த இடைவெளியில் ஊரிலேயே இருந்து பாடம் சொல்லக்கூடியவர்கள், கல்லூரி மூடியதால் வீட்டில் இருந்த கல்லூரிப் பிள்ளைகளும் படித்துவிட்டு வேலைக்குப் போகாத இளம் தாய்மார்களும்தான்.

2021இல் அரசு கையில் எடுத்தது இவர்களைத்தான். 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கினார். முதற்கட்டமாக 12 மாவட்டங்கள். பக்கத்துத் திருச்சியும் கடலூரும் தஞ்சாவூரும் அதில் இருந்தன, பெரம்பலூரும் அரியலூரும் இல்லை. அடுத்த கட்டத்தில் திட்டம் மாநிலம் முழுதும் விரிந்தபோது இங்கும் வந்தது. பறையும் பாட்டுமாகக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் விவரம் சொல்லின. தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானதாக இருந்தது, ஆறு முதல் எட்டுக்குப் பட்டம் வேண்டியிருந்தது. ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், அங்கன்வாடி, வீட்டுத் திண்ணை என இடம் கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசும் தன்னார்வலர் முறை பின்வாசல் வழியாக வருகிறது என்றார்கள்; பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலையை ஆயிரம் ரூபாய்க்கு முடித்துக்கொள்ளும் வழி என்றும் சொன்னார்கள். இரண்டாவது குறை எளிதில் தள்ளக்கூடியது அல்ல. மையம் எந்தத் தெருவில் அமைகிறது என்பதும் சிறிய விஷயமல்ல. பள்ளி எல்லோருக்கும் பொது; திண்ணை ஒரு வீட்டுக்குச் சொந்தம். ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் கிராமத்தில் இரண்டு இடத்திலும் மையம் இருந்தால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது எட்டும். என்றாலும் அந்த மாலை வகுப்புகள் தந்த ஒன்றைத் தொலைக்காட்சியால் தர முடியவில்லை: குழந்தை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்க ஒருவர் எதிரில் இருந்தார்.

நவம்பரில் பள்ளி திறந்தபோது முதல் வாரங்கள் பாடம் நடத்தாமல் கதை, பாட்டு, விளையாட்டு, புத்தாக்கப் பயிற்சி என்று போயின. அந்த மாதம் கனமழை விடுமுறைகள். ஜனவரியில் ஒமைக்ரான் வந்து பள்ளிகள் மறுபடி மூடி, 2022 பிப்ரவரி 1இல்தான் திறந்தன. இழப்பின் அளவை மாநிலக் கணக்கு காட்டுகிறது. கிராமப்புற வீடுகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் 40.7 சதவீதம் 25.2 ஆகச் சரிந்தது. தொற்றுக்கு முன்பே நிலைமை மோசம் என்பதை முதல் எண் சொல்லிவிடுகிறது. எல்லாப் பழியையும் கொரோனாமேல் போட முடியாது. அதே ஆண்டுகளில் அரசுப் பள்ளியில் படிக்கும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பங்கு 67.4 சதவீதத்திலிருந்து 75.7 ஆக உயர்ந்தது. வருமானம் குறைந்து கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் நர்சரிப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்தது இதற்கு முக்கியக் காரணம்.

அதன்பின் வந்த மாற்றங்கள் தொடக்கப் பள்ளியையே குறிவைத்தன. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் கூட்டப்பட்டது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள 20 பேர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அந்த ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. ஒரே வகுப்பறையில் வெவ்வேறு படிநிலையில் நிற்கும் பிள்ளைகளை வெவ்வேறு குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் அந்தச் சமையலைச் செய்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அந்தந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்க்கே இந்த வேலையில் முன்னுரிமை.